சங்கிலி வாளும் பாரும் சங்கிலியும்: மலைநாட்டுக் கமக்காரர் தெரிந்து வாங்கும் முறை

நுவரெலியா, ஹற்றன், வலப்பனை முதலிய பகுதிகளிற் கமஞ் செய்வோருக்கு மரம் வெட்டும் வேலை ஆண்டுதோறும் வந்து சேருகின்றது. தென்மேற்குப் பருவக்காற்று வலுக்கும் மாதங்களிலே தேயிலை மலைகளின் எல்லையில் நிற்கும் சவுக்கு மரங்களும் டர்பன்டைன் மரங்களும் முறிந்து லீக்ஸ், கரட், கோவாப் பாத்திகளின் மேல் வீழ்கின்றன. வீழாது நிற்பவை காலை வெயிலை மறைத்துப் பயிரை மெலியச் செய்கின்றன. பள்ளத்தாக்கு வயல்களிலோ, மேட்டிலிருந்து சரிந்த ஒரு மரமே வாய்க்காலை அடைத்து நாற்று நடுகையைத் தாமதப்படுத்திவிடும். (இங்கே சவுக்கு என்பது கிறவீலியா மரமாகும். யாழ்ப்பாணத்துக் கடற்கரைகளிலே சவுக்கு எனப்படும் மரம் வேறு. மலைநாட்டார் டர்பன்டைன் என வழங்குவது யூக்கலிப்டசு, அதாவது கருப்பந்தைல மரமாகும்.)

முன்னர் இருவர் இரு முனையிலும் நின்று இழுத்த நீண்ட வாளினாற் செய்யப்பட்ட இவ்வேலையை இன்று பெற்றோலில் இயங்கும் சங்கிலி வாள் சில நிமிடங்களிற் செய்து முடிக்கின்றது. ஆயினும் இதனை வாங்குவோர் பலர், எஞ்சின் எவ்வளவு பெரிது, பார் எவ்வளவு நீளம் என்ற இரண்டை மாத்திரம் கேட்டு வாங்குகின்றனர். மிகப் பெரிய வாளே மிகச் சிறந்த வாள் என்பது தவறான எண்ணம். ஒரு போக உருளைக்கிழங்கு விற்ற பணத்தை அதிலிட்டு, தூக்க முடியாத பொறியொன்றைக் கொட்டிலில் முடக்கி வைத்திருப்பது ஒரு நட்டம். அதனைத் தூக்கிச் சென்று ஈரமான சரிவிலே நின்று தொடையை வெட்டிக் கொள்வது ஈடு செய்ய முடியாத நட்டம். ஆதலால், தோட்டத்திற் காணப்படும் மிகப் பருத்த மரத்தை மனத்திற் கொள்ளாது, ஆண்டு முழுவதும் அடிக்கடி வெட்ட வேண்டிய மரத்தை மனத்திற் கொண்டே வாளைத் தெரிதல் வேண்டும்.

வாள் தேவைதானா?

முதலில் இவ்வினாவுக்கு விடை காண்பது நன்று. தேயிலைக்கு நிழலாகவும் பசளைக்காகவும் வளர்க்கும் முள்முருக்கு, கிளிசிரிடியா ஆகியவற்றின் கிளைகளைக் கழிப்பதற்குக் கத்தியும் வளைந்த கைவாளும் போதியன. போஞ்சிக் கொடிக்கு நடும் கம்புகளுக்கும் சங்கிலி வாள் வேண்டியதில்லை. வேலியோரத்திற் பருத்த டர்பன்டைன் ஒன்று மாத்திரமே தொல்லையாயின், தொழிலறிந்த ஒருவரை வாளோடு கூலிக்கு அழைப்பதே மலிவாகும். வீட்டு விறகுக்கும், வீழ்ந்த மரங்களை அகற்றவும், கொட்டில்களுக்குக் கால் வெட்டவும் மாதத்தில் இரண்டு மூன்று தடவையேனும் வேலையுள்ளவர்களே சொந்தமாக வாள் வாங்குதல் தகும்.

மின்கலத்தால் இயங்கும் சிறு வாள்களும் இப்பொழுது விற்பனைக்கு வருகின்றன. அவை புகையும் பேரிரைச்சலும் அற்றவை. கையளவு கிளைகளுக்கு ஏற்றவை. மின்கலத்தில் ஏற்றிய மின் தீர்ந்தவுடன் வேலை நின்றுவிடுமாதலால், வீட்டிலிருந்து தொலைவிலுள்ள மலைச்சரிவில் நாள் முழுவதும் விறகு துண்டிப்போருக்கு அவை உதவா.

பாரின் நீளம்

சங்கிலி சுற்றி ஓடும் நீண்ட உருக்குத் தகட்டையே கடைக்காரரும் வெட்டுவோரும் பார் என்கின்றனர். அதன் நீளம், எஞ்சினின் முன்பக்கத்திலிருந்து பாரின் நுனி வரை அளக்கப்படும். வழக்கமாக வெட்டும் மரத்தின் விட்டத்தைக் காட்டிலும் இரண்டு அங்குலம் கூடிய பாரே போதுமானது. 10 அல்லது 12 அங்குல விட்டமுள்ள சவுக்கு மரங்களை வெட்டுவோருக்கு 14 அங்குலப் பார் பொருந்தும். சற்றுப் பருத்தவற்றையும் அடிக்கடி வெட்டுவோர் 16 அங்குலம் அல்லது 18 அங்குலம் வரை செல்லலாம். எப்பொழுதாயினும் ஒரு முறை எதிர்ப்படும் பருத்த மரத்தை இரு பக்கத்திலிருந்தும் அரிந்து முடிக்கத் தேர்ந்தவருக்கு முடியும். அந்த ஒரு மரத்துக்காக 24 அங்குலப் பாரை ஆண்டு முழுவதும் சுமத்தல் அறிவுடைமையன்று.

பார் நீண்டால் வரும் தீங்கு பாரத்தோடு முடிவதில்லை. 10 அங்குல மரத்தை 24 அங்குலப் பாரினால் அரியும்பொழுது 14 அங்குலம் மரத்துக்கு அப்பால் வெளியே நீண்டு நிற்கும். சமதரையில் அது வெறும் காற்றில் ஓடும். மலைச்சரிவிலோ அந்த நுனி மேட்டு மண்ணிலும், கல்லிலும், பக்கத்துத் தேயிலைச் செடியின் கவட்டிலும் சென்று முட்டும். கல்லில் முட்டிய சங்கிலி ஒரு நொடியிற் கூர் மழுங்கும். மரத்திலோ கட்டையிலோ பார் நுனியின் மேற்பாதி முட்டினால், அவ்விடத்துப் பல் மரத்தை அரிய இயலாது அதனைப் பற்றிக்கொள்ள, ஓடும் சங்கிலியின் விசை முழுவதும் திரும்பிப் பாரை மேலும் பின்னுமாக வெட்டுபவரின் முகத்தை நோக்கி வீசும். இதற்குப் பின்னுதைப்பு என்று பெயர். முழு வேகத்தில் சங்கிலி ஒரு செக்கனுக்கு ஏறத்தாழ 20 மீற்றர் ஓடுவதால், கண்டு விலகுவதற்கு நேரம் கிடையாது. பாரின் நுனி எங்கே நிற்கின்றது என்பதை வெட்டுபவர் எப்பொழுதும் அறிந்திருக்க வேண்டும். குட்டையான பாரில் இஃது எளிது. நீண்ட பாரில் அரிது.

நுனி வட்டம் சிறிதாயுள்ள பார்களிற் பின்னுதைப்புக் குறைவு. புதிதாகத் தொழில் பழகுவோர் அத்தகைய பாரையே கேட்டு வாங்குக.

எஞ்சினும் மலையின் உயரமும்

எஞ்சினின் அளவை கன சென்ரிமீற்றரில், அதாவது சி.சி. கணக்கிற் குறிப்பர். 30 முதல் 40 சி.சி. வரையுள்ளவை 14 அங்குலப் பாருக்கும், 40 முதல் 50 சி.சி. வரையுள்ளவை 16 அங்குலப் பாருக்கும், 50 முதல் 60 சி.சி. வரையுள்ளவை 18 அல்லது 20 அங்குலப் பாருக்கும் பொதுவாக ஏற்றவை. 70 சி.சி.க்கு மேற்பட்டவை மர ஆலைக்காரருக்கும் காடு வெட்டுவோருக்கும் உரியவை. 30 சி.சி. வாள் பாரும் சங்கிலியும் இன்றி ஏறத்தாழ 4 கிலோகிராம் நிறையுடையது, 70 சி.சி. வாள் பெரும்பாலும் 6 கிலோகிராமுக்குக் குறையாது. கொழுந்து மலையின் ஒற்றையடிப் பாதையிலே, மழையில், ஒரு மைல் ஏறுவோருக்கு இவ்வேறுபாடு நன்கு தெரியும்.

மேலே கூறிய கணக்கு சமவெளிக்கு உரியது. மலைநாட்டார் இங்கே ஒரு திருத்தம் செய்துகொள்ளல் வேண்டும். உயரம் ஏற ஏறக் காற்று ஐதாகின்றது. பெற்றோல் எரிவதற்குக் காற்று வேண்டுமாதலின், ஒவ்வோர் 1000 அடி உயரத்துக்கும் எஞ்சின் தன் வலிமையில் ஏறத்தாழ நூற்றுக்கு மூன்று பங்கை இழக்கின்றது. ஹற்றன் நகரம் 4000 அடிக்கும், நுவரெலியா நகரம் 6000 அடிக்கும் மேற்பட்ட உயரத்தில் உள்ளன. ஆகவே கொழும்பிலே 50 சி.சி. வலிமையோடு ஓடிய வாள் நுவரெலியாவில் 41 சி.சி. வாளைப் போலவே உழைக்கும். இதற்குப் பரிகாரமாகப் பெரிய பாரைப் பூட்டுவது தலைகீழான வைத்தியமாகும். எஞ்சினைச் சற்று உயர்த்தி, பாரைக் குறைத்துப் பூட்டுவதே முறை. 45 சி.சி. எஞ்சினும் 14 அல்லது 16 அங்குலப் பாரும் இப்பகுதியிலுள்ள பெரும்பாலான மரக்கறித் தோட்டங்களுக்குப் போதியவை.

காற்றும் பெற்றோலும் கலக்கும் காபுரேற்றரும் உயரத்தைப் பொறுத்தது. கொழும்பிலோ கண்டியிலோ அளவிட்டுத் தந்த வாள் நுவரெலியாவில் அளவுக்கு மிஞ்சிய பெற்றோலைக் குடித்துக் கரும்புகை விடும், பிளக் கரி பிடிக்கும், வெட்டும்பொழுது திணறும். வாள் பழுது என்று பலர் அதனைத் திருப்பிக் கொடுத்துவிடுகின்றனர். பழுது வாளில் இல்லை. காபுரேற்றரைத் திருத்தத் தெரிந்த ஒருவர் அதனை உயரத்துக்கு ஏற்பச் சரிப்படுத்தினால் போதும். இதற்கு மாறான பிழை இன்னும் கொடியது. நுவரெலியாவிற் சரிப்படுத்திய வாளை உறவினரின் காணியை வெட்டப் பொலன்னறுவைக்கோ வவுனியாவுக்கோ கொண்டு சென்று அப்படியே ஓட்டினால், பெற்றோல் குறைந்து, அதனோடு கலந்த எண்ணெயும் குறைந்து, எஞ்சின் மிகச் சூடேறிப் பிஸ்டன் இறுகிவிடும். அதனைத் திருத்தும் செலவு சில வேளைகளில் வாளின் விலைக்கு அண்மித்ததாகும். தானாகவே கலவையைச் சரிப்படுத்திக்கொள்ளும் புதுவகை வாள்களுக்கு இத்தொல்லை இல்லை. அவற்றின் விலை அதிகம்.

சங்கிலியின் மூன்று எண்கள்

சங்கிலி வாங்கும்பொழுது "பதினாறு அங்குலச் சங்கிலி ஒன்று தாருங்கள்" என்று கேட்டல் போதாது. நீளம் ஒன்றாயிருந்தும் பொருந்தாத சங்கிலிகள் பல உண்டு. அறிய வேண்டியவை மூன்று. முதலாவது, கண்ணிகளின் இடைத்தூரம். அடுத்தடுத்துள்ள மூன்று தறையாணிகளில் முதலாவதன் நடுவிலிருந்து மூன்றாவதன் நடுவரை அளந்து, அதனை இரண்டாற் பிரித்தால் இது கிடைக்கும். சிறு வாள்களில் 3/8 அங்குலத் தாழ்வகை, நடுத்தர வாள்களில் .325 அங்குலம், பெரியவற்றில் 3/8 அங்குலம் அல்லது .404 அங்குலம் வழக்கம். 3/8 தாழ்வகையும் 3/8 பெருவகையும் பெயரால் ஒன்றாயினும் ஒன்றுக்கு ஒன்று பொருந்தா. இதனாற் பணம் இழந்தோர் உண்டு. இரண்டாவது, பாரின் தவாளிப்பினுள் ஓடும் கீழ்ப்பல்லின் தடிப்பு. .043, .050, .058, .063 அங்குலம் என நான்கு அளவுகள் வழங்குகின்றன. தடித்த பல் தவாளிப்பினுள் இறங்காது. மெல்லிய பல் தவாளிப்பில் ஆடி, வெட்டைக் கோணச் செய்யும். மூன்றாவது, அக்கீழ்ப்பற்களின் தொகை. அதனை ஒவ்வொன்றாக எண்ணியே அறிதல் நன்று.

இம்மூன்று எண்களும் பெரும்பாலும் பாரின் அடியிற் பொறிக்கப்பட்டிருக்கும். எண்ணெயும் தூளும் மூடியிருப்பதால் பலர் கண்டதில்லை. துடைத்துப் பார்த்து ஒரு கடதாசியில் எழுதி வைத்துக்கொள்ளுக. சங்கிலியை இழுக்கும் பற்சில்லின் இடைத்தூரமும் சங்கிலியினதும் ஒன்றாயிருத்தல் வேண்டும். இரண்டு மூன்று சங்கிலிகள் தேய்ந்தபின் பற்சில்லையும் மாற்றுதல் வேண்டும். தேய்ந்த சில்லு புதுச் சங்கிலியை விரைவிற் கெடுத்துவிடும்.

வெட்டும் பல்லின் வடிவம் பற்றியும் சிறிது கூறல் வேண்டும். முற்காலத்துச் சங்கிலிகளின் பற்கள் கைவாளின் பற்களைப் போல நேராக நின்று மரத்தைச் சுரண்டின. 1946ஆம் ஆண்டில் அமெரிக்காவின் ஒறகன் மாநிலத்து மரவெட்டியான யோசேப்பு கொக்ஸ் என்பவர், மரக்கட்டையைத் துளைத்துச் செல்லும் வண்டுப் புழுவொன்றைக் கூர்ந்து நோக்கினார். அப்புழு தன் தாடைகளை இடமும் வலமுமாக மாற்றி மரத்தைச் சீவிச் செல்வதைக் கண்டு, அதே முறையில் இடப்பல்லும் வலப்பல்லும் மாறி மாறி அமைந்த சங்கிலியை உண்டாக்கினார். இன்று உலகெங்கும் ஓடுவது அவ்வகைச் சங்கிலியே. பயிரைத் தின்னும் புழுவைக் கண்டவுடன் நசுக்கும் நமக்கு இச்செய்தி சற்று வியப்பாயிருக்கும்.

இப்பல்லில் இரு வகையுண்டு. மூலை கூராயுள்ள பல் சுத்தமான மரத்தை விரைந்து வெட்டும். மண் பட்டவுடன் மழுங்கும். மூலை உருண்ட பல் சற்று மெதுவாக வெட்டினும் மண்ணையும் காய்ந்த மரத்தையும் தாங்கி நெடுநேரம் கூராயிருக்கும். மலைநாட்டிலே வீழ்ந்த மரம் சரிவிற் புரண்டு, பட்டையெல்லாம் சிவந்த மண் அப்பிக் கிடப்பது வழக்கமாதலால், உருண்ட மூலையுள்ள பல்லே இங்கு ஏற்றது. எதுவாயினும் வெட்டுமிடத்தை ஈர்க்குமாற்றினால் ஒருமுறை தட்டிவிட்டு வெட்டுதல் நன்று.

கூர் தீட்டல்

கூரான சங்கிலி தன் பாட்டிலே மரத்துள் இறங்கி, தடித்த துருவல்களைத் தள்ளும். துருவலுக்குப் பதிலாக மாப்போன்ற தூள் வருமாயின், அல்லது வாளை அழுத்த வேண்டியிருக்குமாயின், சங்கிலி மழுங்கிவிட்டது என அறிக. மழுங்கிய வாளை அழுத்தி வெட்டுபவரே பெரும்பாலும் கால் வழுக்கி வீழ்கின்றனர். எனவே வாளோடு சேர்த்து உருண்டை அரம் ஒன்றையும் வாங்குதல் வேண்டும். 3/8 தாழ்வகைச் சங்கிலிக்கு 4 மில்லிமீற்றர் அரமும், .325 சங்கிலிக்கு 4.8 மில்லிமீற்றர் அரமும், 3/8 பெருவகைக்கு 5.5 மில்லிமீற்றர் அரமும் வழக்கம். பாருக்குக் குறுக்காக வைத்த அரத்தை 30 பாகை சரித்து, உள்ளிருந்து வெளியே மாத்திரம், எல்லாப் பற்களுக்கும் ஒரே தொகையாக மூன்று நான்கு தடவை தள்ளுக. ஒரு பக்கத்துப் பற்கள் நீண்டும் மறுபக்கத்தவை குறுகியும் போனால் வாள் வளைந்து வெட்டும். பல்லின் முன்னே நிற்கும் சிறு மேட்டைத் தட்டை அரத்தால் அளவுக்கு மிஞ்சித் தேய்த்தல் ஆகாது. தேய்த்தாற் பல் மரத்தை ஆழமாகக் கௌவி வாள் துள்ளும்.

சூடான சங்கிலி நீளும், ஆறியதும் சுருங்கும். வேலை நடுவே இறுக்கிய சங்கிலியை மாலையிற் தளர்த்தாது வைத்தால், மலைநாட்டின் இராக்குளிரில் அது சுருங்கிப் பாரையும் எஞ்சினின் சுழல்தண்டையும் இழுக்கும். சங்கிலி மாற்றும் ஒவ்வொரு முறையும் பாரை மேல் கீழாகத் திருப்பிப் பூட்டினால் இரு விளிம்பும் ஒருசேரத் தேயும்.

பெற்றோலும் எண்ணெயும்

ஈரடிப்பு எஞ்சினுக்குப் பெற்றோலுடன் எண்ணெய் கலத்தல் வேண்டும். 50க்கு 1 என்று வாளோடு வரும் புத்தகம் கூறுமாயின், 5 லீற்றர் பெற்றோலுக்கு 100 மில்லிலீற்றர் எண்ணெய். புத்தகம் வேறு அளவு கூறினால் அதனையே பின்பற்றுக. பாருக்கு ஊற்றும் எண்ணெய் வேறு. லொறியிலிருந்து கழித்த பழைய கறுப்பு எண்ணெயை இதற்கு ஊற்றுவது மலிவெனப் பலர் கருதுகின்றனர். அதிலுள்ள உலோகத்தூள் எண்ணெய்ப் பம்பியைத் தேய்ப்பதோடு, சங்கிலியிலிருந்து தெறிக்கும் எண்ணெய் முழுவதும் பாத்தி மண்ணிலும் நீர்க்காலிலும் சென்று சேரும். கீரையும் லீக்சும் நடும் நிலத்தில் அதனை ஊற்றுதல் தகாது.

பழைய வாள் வாங்குவோர்க்கு

கைமாறிய வாளை வாங்குவோர் எஞ்சினின் சத்தத்தைக் கேட்டு மகிழ்வதற்கு முன் நான்கைப் பார்த்தல் வேண்டும். முன்கைப்பிடிக்கு முன்னே நிற்கும் தடுப்பைத் தள்ளினால் ஓடும் சங்கிலி உடனே நிற்கின்றதா? விசையை விட்டபின் சங்கிலி சுழலாது நிற்கின்றதா? அறுந்த சங்கிலியைப் பிடிக்கும் கொளுவி அடியில் இருக்கின்றதா? கைப்பிடிகளின் இறப்பர்த் தாங்கிகள் கிழியாதுள்ளனவா? பழைய பெரும் வாள்கள் சிலவற்றிற்குத் தடுப்பே கிடையாது. அவை எவ்வளவு மலிவாயினும் சரிவில் வெட்டுவோர்க்கு ஆகா.

வாளுக்கு ஒதுக்கிய பணத்தில் ஒரு பங்கைத் தலைக்கவசம், முகவலை, காதுமூடி, வெட்டுத்தாங்கும் நார் வைத்துத் தைத்த காற்சட்டை, வழுக்காத சப்பாத்து ஆகியவற்றுக்கு முதலிலேயே எடுத்து வைத்தல் வேண்டும். பணம் போதாதெனில் வாளின் அளவைக் குறைக்க. காற்சட்டையைக் குறைக்க வேண்டாம். செருப்போடும் சாரத்தோடும் சங்கிலி வாளைப் பிடிப்போரைத் தோட்டங்களிற் காணலாம். ஓடும் சங்கிலி சாரத்தைச் சுற்றிக்கொள்ள ஒரு நொடி போதும். சவுக்கு மரத்தின் தூள் சிலருக்குத் தோலிற் கொப்புளமும் அரிப்பும் உண்டாக்குமாதலால் முழுக்கைச் சட்டையும் அணிதல் நன்று.

சரிவிற் கிடக்கும் மரத்தைத் துண்டிக்கும்பொழுது மேட்டுப்பக்கம் நின்று வெட்டுதல் வேண்டும். பள்ளப்பக்கம் நின்றால் உருளும் துண்டு ஆள்மேல் வரும். தோளுக்கு மேலே வாளை உயர்த்துதலும் ஏணியில் நின்று வெட்டுதலும் கூடாதவை. டர்பன்டைன் மரம் நிற்கும்பொழுதே தன்னுள் பெரும் இறுக்கம் கொண்டது. சாய்ந்து நிற்கும் டர்பன்டைனைப் பின்பக்கமிருந்து பதமின்றி அரிந்தால், அடிமரம் நீளவாக்கிற் பிளந்து, பிளந்த பாதி மேலெழும்பி வெட்டுபவரின் மார்பில் அடிக்கும். அத்தகைய மரத்தை வீழ்த்துவது தனியே பழகவேண்டிய தொழில். அதனைப் பழகியவரிடம் விடுக.

அனுமதி

வாள் கையில் இருப்பதனால் மரம் நமதாகிவிடாது. 1951ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க மரம் வீழ்த்தல் கட்டுப்பாட்டுச் சட்டத்தின்படி பலா, ஈரப்பலா, பெண்பனை ஆகியவற்றைச் சொந்தக் காணியிலாயினும் அனுமதியின்றி வெட்டலாகாது. பாத்தியோரத்துச் சவுக்கும் டர்பன்டைனும் பெரும்பாலும் தோட்ட நிருவாகத்துக்கு உரியவை. நிழல் விழுகின்றது என்பது வெட்டுவதற்கு உரிமை தராது. எழுத்திற் கேட்டுப் பெறுக. மேற்சரிவுகளிலுள்ள இயற்கைக் காடு எவராலும் தொடத்தகாதது. கியூ தாவரவியற் பூங்காவின் பணிப்பாளராயிருந்த யோசேப்பு ஹூக்கர் 1873ஆம் ஆண்டிலேயே 5000 அடிக்கு மேற்பட்ட காடுகளை அழிக்காது விட ஆலோசனை கூறினார். அக்காட்டிலிருந்து ஊறும் நீரே கீழேயுள்ள வயல்களுக்கும் பாத்திகளுக்கும் வருகின்றது.

சங்கிலி வாள்களைப் பொலிஸ் நிலையங்களிற் பதியும்படி 2019ஆம் ஆண்டு பெப்ரவரி மாதத்தில் அரசாங்கம் பணித்தது. ஆதலாற் கைமாறிய வாளை வாங்குமுன், அதன் தொடரிலக்கத்தையும் விற்பவரின் பதிவுச் சீட்டையும் ஒப்பிட்டுப் பார்த்து, அண்மையிலுள்ள பொலிஸ் நிலையத்தில் விசாரித்துக் கொள்ளுக. மரத்தை லொறியிலேற்றுமுன் அனுமதி பற்றிக் கிராம உத்தியோகத்தரிடமோ பிரதேச செயலகத்திலோ கேட்டறிதல் வேண்டும்.